அம்மா ஊர்ந்த கோடு

கறுக்காமலைத் தோட்டம், மேற்பிரிவு,
பசறை, பதுளை.
2024 ஜனவரி 9

பாக்கியலெட்சுமிக்கு,

அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். ஒன்று நான், பெரியாயி. இரண்டு என் தங்கச்சியாகிய நீ. மூன்று உன் புருஷன் ரெங்கசாமி. நான்கு நம் தம்பி தம்பையா, அவனுக்கு அப்போது பதினான்கு வயது. ஐந்து கோயில் பூசாரி முத்துக்கறுப்பன். ஒரு நாயும் இருந்தது. அதைச் சேர்க்க வேண்டாம்.

"எல்லாம் மறந்து போச்சு, நீங்களாவது எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாய். மறப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே சுலபம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1974 ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை. அம்மா செத்துப் பதினேழாம் நாள். விடிந்ததிலிருந்து மழை. உனக்கும் ரெங்கசாமிக்கும் இந்தியா போக பாஸ்போட் வந்து, பதினொரு மணி ரயிலுக்குப் பதுளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். லயத்து வரிசை வீட்டு வாசலில் பூசாரி நின்றுகொண்டு, "கடல் தாண்டிப் போறவகளத் தேடி வர செத்தவகளுக்கு வழி தெரியாது. அவக கிடக்கிற மண்ண ஒடம்புல பூசிக்கிட்டுப் போகணும். மண்ண மோந்துகிட்டே வந்திருவாக" என்றான். பேசினில் ஈர மண். நீ காலிலும் தொடையிலும் வயிற்றிலும் பூசினாய். ரெங்கசாமி பூசினான். தம்பையா எங்கும் போகிறவன் இல்லை, ஆனாலும் "எனக்கும் அம்மா வேணும்" என்று அழுதுகொண்டு பூசினான். நான் பூசவில்லை. மிச்ச மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து உன் மடியில் வைத்தான் பூசாரி.

இப்போது உனக்கு மூச்சிழுப்பு, போகிற காலம் வந்துவிட்டது, அம்மா புதைகுழியிலிருந்து இன்னொரு பிடி மண் அனுப்பு என்கிறாய். அனுப்ப மாட்டேன். எனக்கு முழங்கால் வலி, ஏழாம் நம்பர் மலை ஏற முடியாது. ஏறினாலும் தபாலில் மண் எடுக்க மாட்டார்கள்.

உன் பேரன் திலீபன் போனில் கூப்பிட்டு, "பெரிய பாட்டி, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கெஞ்சினான். ஐம்பது வருஷத்துக் கோபத்தைப் போனில் பேசினால் பாதியில் சிக்னல் போய்விடும். எழுதுகிறேன். அம்மாவின் மூக்குத்தி உன் மூக்கில் போனதையும் நான் மறக்கவில்லை. தம்பையா சாவுக்கு நீ வராததையும் மறக்கவில்லை.

பெரியாயி

*

கோத்தகிரி
2024 பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்குத் தங்கச்சி பாக்கியம் எழுதிக்கொள்வது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். திலீபன் சிரித்தான். திட்டித்தான் எழுதியிருப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் வந்ததே.

நான் மறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்தான் மறக்கும் அக்கா. அந்த மண்ணின் குளிர்ச்சி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. இங்கே எங்கள் வீட்டு வரிசையை இன்னும் சிலோன் காலனி என்றுதான் சொல்கிறார்கள். ஐம்பது வருஷம் கொழுந்து பறித்தும் சிலோன்காரிதான். என்னுடையது என்று இந்த ஊரில் எனக்கு இருந்தது அம்மா மட்டும்.

மண்டபம் கேம்ப்பில் இருந்து அப்போதே உங்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. திரும்ப எழுதுகிறேன். கேம்ப்பில் இரண்டாம் மாதம், தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். தொடையில் சிவப்பாக நூல் மாதிரி ஒரு கோடு தடித்தது. அரிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. மண் பூசிய இடத்திலேயே தொடங்கி இடுப்புக்கு ஏறியது. மறுநாள் காணோம். ரெங்கசாமிக்கும் அப்படியே வந்தது. பூசாரி சொன்னது பலித்துவிட்டது, அம்மா வந்துவிட்டாள் என்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை வருவாள். முதல் பிள்ளை பிறந்தபோது வந்தாள். அவர் செத்த வருஷம் வந்தாள். வந்தால் அந்த இடத்தில் கை வைத்து, "என்னம்மா" என்பேன்.

இந்தப் பனிக்காலத்தில் மூச்சிழுப்பு அதிகமானதும் மருந்துக் கடையில் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். நல்ல மாத்திரை. மூச்சு விடுகிறேன், பசிக்கிறது. முகம்கூட உருண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு லீலா, "என்ன பாட்டி, கல்யாணப் பொண்ணு கணக்கா கன்னம் பூரிச்சுக் கெடக்கு, மாப்பிள்ளை பாக்கவா?" என்று கேலி பண்ணுகிறாள்.

ஆனால் ஒன்று, அக்கா. மாத்திரை தொடங்கினதிலிருந்து அம்மா தினமும் வருகிறாள். ஒரு கோடு இல்லை, இரண்டு, மூன்று. திலீபன் நம்பவில்லை. கோட்டின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். நான் உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்து காட்டினேன். புள்ளியைத் தாண்டி நாலு விரல் நடந்திருந்தது. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அம்மா எதற்கோ அவசரப்படுகிறாள். அதனால்தான் மண் கேட்டேன்.

உங்களுக்கு எப்போதாவது வந்தாளா அக்கா? நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

பாக்கியம்

*

கறுக்காமலை
2024 பிப்ரவரி 21

பாக்கியத்துக்கு,

இதைத் தபாலில் போட்டால் பதினைந்து நாள் ஆகும். அதனால் என் பேத்தி நிரோஜா போனில் படம் பிடித்துத் திலீபனுக்கு அனுப்புகிறாள். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன், கவனமாகப் படி.

உன் முகம் உருண்டது என்று படித்ததும் எனக்கு ரெங்கசாமி முகம் ஞாபகம் வந்தது. 1991ல் ரெங்கசாமி சாவதற்கு முன் நீங்கள் எடுத்து அனுப்பிய போட்டோ என் தகரப் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஒட்டின கன்னத்துக்காரன் அவன். போட்டோவில் முகம் பௌர்ணமி நிலா. மூச்சிழுப்புக்கு மாத்திரை தின்கிறார் என்று பின்பக்கம் நீயே எழுதியிருக்கிறாய்.

தம்பையாவைச் சொல்கிறேன். எழுபத்தேழு கலவரத்தில் இங்கே அடிதடி நடந்ததும் அவன் வவுனியாவுக்குக் குடிபோனது உனக்குத் தெரியும். தொண்ணூற்றாறில் சீக்கு என்று தந்தி வந்து நான் போனேன். அவனுக்கும் மூச்சிழுப்பு. அவனுக்கும் மாத்திரை, அதோடு ஊசி. கட்டிலில் படுத்திருந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை, முகம் அப்படி வட்டமாக இருந்தது. சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயிறெல்லாம் கோடு. எறும்புச் சாரை போவது போல ஒன்றின் மேல் ஒன்று. நான் பார்க்கப் பார்க்க நகர்ந்தது. அவன் சிரித்தான். "அக்கா, அம்மா இந்தத் தடவ ரொம்பப் பேரக் கூட்டிக்கிட்டு வந்திருக்காக" என்றான். அப்புறம் இருமினான், ரத்தம். நான் போய் ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டான். இதை இதுவரை உனக்கு எழுதவில்லை. வராதவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது சங்கதியைக் கேள். போன மாதம் லயத்துக்கு ஒரு டாக்டர் பிள்ளை வந்தாள். பதுளைக்காரி, நஸ்லியா என்று பெயர். வீட்டுக்கு வீடு சின்ன டப்பா கொடுத்தாள்.

"பாட்டி, நாளைக்குக் காலையில இதில கொஞ்சம் எடுத்து வைங்க."

"எதை?"

"மலத்தைத்தான் பாட்டி."

"அம்பது வருஷமா தோட்டத்துக்கு எல்லாத்தையும் குடுத்தாச்சு. இத மட்டுந்தான் எந்தத் தொரையும் கேக்கல. நீ வந்து கேட்டுட்ட" என்றேன். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.

உன் கடிதம் வந்ததும் அவளைத் தேடிப் பசறை ஆஸ்பத்திரிக்கே போனேன். கோட்டைச் சொன்னேன், முகத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அது ஒரு பூச்சி பாட்டி. நூலைவிட மெல்லிசு. மலம் கலந்த ஈர மண்ணில இருக்கும். வெறுந்தோல்ல ஒட்டினா உள்ள ஏறிரும். ஏறினது அந்த ஒடம்புலயே குட்டி போடும், குட்டி வெளிய போகாம திரும்பவும் அதே ஒடம்புக்குள்ள ஏறும். ஆளு கப்பல் ஏறினா அதுவும் கப்பல் ஏறும். அம்பது வருஷம்னாலும் சத்தமில்லாம குடும்பம் நடத்தும். ஒடம்பு அத அடக்கி வச்சிருக்கும். ஆனா மூச்சிழுப்புக்குக் குடுக்கிற, மூஞ்சி ஊதுற அந்த மாத்திரை இருக்கே, அது ஒடம்போட காவல எடுத்துரும். அப்புறம் அது பெருகி நுரையீரலுக்கெல்லாம் ஏறிரும்."

உன்னைத்தான் சொல்கிறாள், பாக்கியம். வெள்ளை மாத்திரையை நீயாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம், அதுவும் ஆபத்தாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. "சிலோன் தோட்டத்துல பொறந்தவ, தோல்ல கோடு ஓடுது" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியுமாம். அந்தப் பூச்சிக்கு வேறு மாத்திரை இருக்கிறது. தின்றால் தீர்ந்தது.

மூக்குத்தியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பெரியாயி

*

கோத்தகிரி
2024 மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

திலீபன் உங்கள் கடிதத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினான். காட்டிய கையோடு என்னைக் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனான். டாக்டரிடம் நீங்கள் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மாணவர்களைக் கூப்பிட்டார். இருபது பேர் சுற்றி நின்று என் இடுப்பைப் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை பேனாவால் புள்ளி வைத்தாள். நம் அம்மாவை இத்தனை பேர் எழுந்து நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.

பரிசோதனையில் நீங்கள் சொன்னதுதான் தெரிந்தது. நாலு மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்து இன்னும் இரண்டு. தின்னாவிட்டால் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொன்னார், வீட்டுக்குப் போய்த் தின்கிறேன் என்று நான்தான் அடம்பிடித்து வந்துவிட்டேன்.

நான் தின்னவில்லை அக்கா. திலீபன் முன்னால் வாயில் போட்டு நாக்குக்கு அடியில் ஒதுக்கிவிட்டுப் பிறகு எடுத்துவிட்டேன். நாலையும் அந்த மஞ்சள் துணி முடிச்சோடு சேர்த்துச் சாமிப் படத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவனிடம் சொல்லிவிடாதீர்கள், இதைப் பக்கத்து வீட்டு லீலாதான் தன் போனில் படம் பிடித்து நிரோஜாவுக்கு அனுப்புகிறாள்.

டாக்டர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பூச்சியாகவே இருக்கட்டும். அம்மா எந்த உருவத்தில் வந்தால் என்ன? அம்மாவைப் புதைத்த மண்ணிலிருந்து வந்தது அது. அம்மாவின் உடம்பைத் தொட்டிருந்த மண். மண்டபம் கேம்ப்பில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது என்னோடு நின்றாள். இங்கே கங்காணி கைநீட்டி அடித்தபோது என் முதுகில் அவள்தான் ஊர்ந்தாள். அவளுக்கு நான் விஷம் வைக்க வேண்டுமா? பெற்றவளுக்கா?

நேற்று இருமினபோது கைக்குட்டையில் சிவப்பாகத் தெரிந்தது. எனக்குப் பயமில்லை. கோடு இப்போது மார்பு வரை வந்துவிட்டது.

தம்பையா சிரித்தான் என்று எழுதினீர்களே. அதைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. எங்கள் மூன்று பேருக்கும் வந்தவள் உங்களிடம் மட்டும் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தானே இத்தனையும் சொல்கிறீர்கள்?

பாக்கியம்

*

கறுக்காமலை
2024 மார்ச் 14

பாக்கியத்துக்கு,

நிரோஜாவைக் கண்ணை மூடிக்கொண்டு படம் பிடித்து லீலா போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "கண்ண மூடிக்கிட்டு எப்பிடி அப்பாயி எடுக்கிறது" என்கிறாள். எடுத்துவிட்டுப் படிக்காமல் அழித்துவிடுகிறேன் என்று சாமிமேல் சத்தியம் பண்ணியிருக்கிறாள். திலீபனையும் படிக்க விடாதே. நீ மட்டும் படி.

வயிற்றெரிச்சல்தான். ஆனால் இன்றைக்கு வந்தது இல்லை, அன்றைக்கு வந்தது.

மண் எடுத்து வரும் முறை மூத்த பெண்ணுக்கு. பூசாரி என்னைத்தான் அனுப்பினான். விடிவதற்கு முன் பேசினையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழை. ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுகிற பாதை வரை போனேன். அங்கே நின்றுவிட்டேன்.

உனக்குப் புருஷன் கிடைத்தான். பாஸ்போட் கிடைத்தது. மூக்குத்தியும் உனக்கு. எனக்கு இங்கே என்ன இருந்தது? மேலே அந்தக் குழி ஒன்றுதான். பூசாரி சொன்னதை நான் உன்னைவிட அதிகமாக நம்பினேன். மண்ணைக் கொடுத்தால் அம்மா உன் பின்னால் போய்விடுவாள் என்று நம்பினேன். போகிறவளுக்கு அம்மா எதற்கு, இருக்கிறவளுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மலை ஏறவில்லை, பாக்கியம். திரும்பி வந்தேன். லயத்துக்குப் பின்னால் வாழை நிற்கிற சாக்கடைக் கான் உனக்கு ஞாபகம் இருக்கும். கக்கூஸ் இடிந்து கிடந்த காலம். இருபது காம்பரா வீட்டுச் சனமும் ஒதுங்கிய இடம் அது. அந்தக் கான் ஓரத்தில் மண்ணை வெட்டினேன். மழையில் நாற்றம் தெரியவில்லை. மேலே ஒரு கை செவ்வந்திப் பூவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு வந்து பூசாரியிடம் கொடுத்தேன். அதனால்தான் நான் பூசவில்லை. நீங்கள் பூசினதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் உடம்பில் ஊர்வது அம்மா இல்லை. அது லயத்துக் கழிவு. அம்மா ஏழாம் நம்பர் மலையிலேயே கிடக்கிறாள்.

மண்டபத்திலிருந்து "அம்மா வந்துட்டாங்க" என்று நீ எழுதிய கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். பதில் எழுத முடியவில்லை. முதலில் சிரித்தேன். அப்புறம் பயந்தேன். பொய் மண்ணைக் கொடுத்தும் உன்னிடமே போய்விட்டாளோ என்று. ஏனென்றால் இந்த ஐம்பது வருஷத்தில் ஒருநாள்கூட அம்மா என் கனவில் வந்ததில்லை. குழிமேட்டில் போய் உட்கார்ந்தால் வெறும் மேடாக இருக்கும். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டேன்.

ரெங்கசாமியைக் கொன்றது நான். தம்பையாவைக் கொன்றது நான். அவன் வயிற்றைப் பார்த்தபோது எனக்குப் பூச்சி என்று தெரியாது. ஆனால் அம்மா இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டே அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக உன்னையும் கொல்ல முடியாது. சாமிப் படத்துக்கு அடியிலிருந்து மாத்திரையை எடு. முடிச்சை அவிழ்த்து, நான் கொடுத்த மண்ணை வாரி வெளியே கொட்டு. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. மாத்திரையை முழுங்கிவிட்டுத் திட்டு.

பெரியாயி

*

கோத்தகிரி
2024 ஏப்ரல் 2

பெரியாயிக்கு,

மாத்திரையை முழுங்கிவிட்டேன். ஒளித்து வைத்ததைத் திலீபனிடம் சொன்னேன், அவன் என் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் பார்த்தான். நாலும் முடிந்தது. இடையில் ஆறு நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இருமலில் சிவப்பு நின்றுவிட்டது. வேறு டாக்டர், வேறு மருந்து. முகம் வற்றிக்கொண்டு வருகிறது. பிழைத்துவிட்டேன் என்கிறார்கள்.

கடைசிக் கோடு தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புள்ளி வைத்துப் பார்த்தேன். உலை வைத்து, வடித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். புள்ளி அங்கேயே இருந்தது. கோடு அதைத் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் மங்கிவிட்டது.

நீ சொன்னபடி முடிச்சை அவிழ்த்தேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவை. மண் காய்ந்து கட்டியாகக் கிடந்தது. வாசலில் கொட்டப் போனேன். கட்டி உடைந்தது. உள்ளே ஒரு வளையல் துண்டு. பச்சைக் கண்ணாடி, பொன் புள்ளி போட்டது.

உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்கிறாயே. இது ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பஞ்ச வருஷத்தில் அம்மாவுக்கு என்ன வந்தது? ஒன்றரை மாதம் வயிற்றுப்போக்கு. நீ காலையில் கொழுந்துக்குப் போனால் இருட்டித்தான் வருவாய். வேலைக்குப் பேர் போடாவிட்டால் ரேஷன் மாவு கிடையாது. நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கானுக்குப் போவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வாழைக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள் வழுக்கி விழுந்து வளையல் உடைந்தது. இரண்டு துண்டைப் பொறுக்கினேன், ஒன்று கிடைக்கவில்லை. "விடுடி, மண்ணுலதான கெடக்கும்" என்றாள். நாலு நாளில் செத்தாள்.

கோயம்புத்தூர் டாக்டர் என்னிடம் கேட்டிருந்தார், "அப்ப உங்க வீட்டுல வேற யாருக்காவது ரொம்ப நாள் வயித்துப்போக்கு இருந்துச்சா?" என்று. அம்மாவுக்கு என்றேன். "அப்ப அது உங்க அம்மாகிட்ட இருந்தே உங்களுக்கு வந்திருக்கலாம்" என்றார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. வளையலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தபோது தோன்றியது.

ஏழாம் நம்பர் மலைக் குழியில் அம்மாவின் எலும்புதான் கிடக்கிறது. உயிரோடு இருந்தது அந்தக் கான் மண்ணில். எனக்குத் தரக் கூடாது என்று நினைத்து, சரியாக அவளையே வெட்டி எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறாய். அவள் வயிற்றிலிருந்து என் வயிற்றுக்கு வந்தாள். பிள்ளையை அம்மா சுமக்கிற மாதிரி நான் ஐம்பது வருஷம் அவளைச் சுமந்திருக்கிறேன். உன் பேச்சைக் கேட்டு நாலு மடக்குத் தண்ணீரில் நானே முடித்துவிட்டேன்.

உடம்பு இப்போது அமைதியாக இருக்கிறது. அவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை. குளிக்கும்போது கை தானாக இடுப்புக்குப் போய்த் தேடுகிறது.

ரெங்கசாமியையும் தம்பையாவையும் பற்றி நான் எழுத மாட்டேன். அதை நீயே எழுதிவிட்டாய்.

வளையல் துண்டை உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை.

பாக்கியலெட்சுமி

*

கறுக்காமலை
2024 மே 6

தங்கச்சிக்கு,

பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும். இதை நிரோஜா படிக்கலாம், திலீபனும் படிக்கலாம். ஒளிக்க ஒன்றும் இல்லை.

எனக்கு ஞாபகம் இல்லை, பாக்கியம். எந்த வருஷம் எந்தத் துரை, எந்த நாள் எவள் என்ன பேசினாள் என்று இந்த லயமே என்னிடம் வந்து கேட்கும். அம்மா எந்த இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து செத்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் கொழுந்தில் நின்றேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் கானுக்குப் போகிற வழியில் அவள் கையின் வளையல் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. அதுவும் நீ சொன்னதால் கேட்கிறதா, உண்மையில் கேட்டதா என்று பிரிக்க முடியவில்லை.

நஸ்லியா வந்தாள். டப்பாவோடு ரத்தமும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். "பாட்டி, ஒங்களுக்கு நல்ல செய்தி. ஒரு பூச்சியும் இல்ல. இந்த லயத்துலயே ஒங்க ரிப்போட்டுதான் சுத்தம்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டாள்.

முழங்கால் வலியோடு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். மேட்டில் உட்கார்ந்தேன். வெறும் மேடு. உனக்குத் தெரிந்த காரணம் இப்போது எனக்கும் தெரியும், அவள் அங்கே இருந்ததே இல்லை.

இறங்கி வந்து கானுக்குப் போனேன். இப்போது சீமெந்துக் கக்கூஸ் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் கான் இருக்கிறது. வாழையும் இருக்கிறது, அந்த வாழையின் பேரன் பேத்தி. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்றேன். "நான் கொழுந்துக்குப் போயிட்டேன்மா, இப்ப வந்திருக்கேன்" என்றேன். குனிந்து ஒரு பிடி எடுத்துக் காலிலும் வயிற்றிலும் பூசினேன். அன்றைக்குப் பூசாததை.

நிரோஜா பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அப்பாயி, கிறுக்குப் புடிச்சிருச்சா, டாக்டரக்கா என்ன சொல்லிட்டுப் போனாங்க?" என்று சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சின்னப் பிள்ளையைக் கழுவுகிற மாதிரி. மறுநாள் அவள் தோட்டத்து ஆபீசுக்குப் போன பிறகு திரும்பவும் போனேன். இருபது நாள் போனேன். ஒவ்வொரு நாள் காலையிலும் சேலையை விலக்கி இடுப்பைப் பார்க்கிறேன். உலை வைத்து, வடித்து, திரும்பவும் பார்க்கிறேன். சுருக்கம்தான் இருக்கிறது. ஒரு கோடும் எழும்பவில்லை. அவள் என்னிடம் வரவில்லை. வர மாட்டாள். இனி வருவதற்கு அவள் எங்கேயும் இல்லை, அதையும் நான்தான் உன்னைச் செய்ய வைத்தேன்.

நீ உயிரோடு இருக்கிறாய். அதற்காக நான் வருத்தப்படவில்லை. திரும்பக் கேட்டாலும் அதே கடிதத்தைத்தான் எழுதுவேன்.

மூக்குத்தி உனக்குத்தான். ஒன்றரை மாதம் தோளில் தூக்கியவளுக்கு அவள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஐம்பது வருஷம் அதை ஒரு குற்றமாக வைத்திருந்தேன், இன்றைக்கு விட்டுவிட்டேன். தம்பையா சாவுக்கு நீ வராததையும் விட்டுவிட்டேன், தந்தி உனக்குக் கிடைத்திருக்காது. உன்னைக் கூட்டிக்கொண்டு போன ரெங்கசாமியை விட்டுவிட்டேன். என்னைத் தனியாக விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போன தம்பையாவை விட்டுவிட்டேன். மண்ணைப் பூசச் சொன்ன பூசாரி முத்துக்கறுப்பனை எத்தனை வருஷம் மனதுக்குள் சபித்திருப்பேன், அவனையும் விட்டுவிட்டேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். சொன்னது பலிக்கவும் செய்தது.

அன்றைக்கு இருந்தவர்கள் ஐந்து பேர். நாலு பேரை மன்னித்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன், செத்தாலும் மாட்டேன்.

பெரியாயி